முப்பதைத் தாண்டாத ஜீப்

செப்டம்பர் 28, சனி

காலை ஒன்பது பத்துக்கு வத்தலக்குண்டிலிருந்து சம்பந்தியம்மா மரகதம் போன் செய்தார். நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை, என் மகள் கோகிலாவுக்கு வளைகாப்பு. நல்ல செய்தியைச் சொன்னோமா, போனை வைத்தோமா என்று இருந்திருக்கலாம். வைக்கவில்லை.

"வளைகாப்பு முடிஞ்சதும் தலைப்பிரசவத்துக்கு நீங்க கூட்டிட்டுப் போறதுதான் முறை, நான் இல்லைங்கல சம்பந்தி. ஆனா அந்த ஜீப்புல அனுப்ப மாட்டேன். வண்டி ஆட்டம் நிக்கணும். ஓட்டுறதும் நிதானமா இருக்கணும். ரெண்டும் ஆகலன்னா பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்."

நிதானமாம். யாரிடம்? முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்து, வரப்புச் சண்டையில் மண்வெட்டியோடு வந்தவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாத குழந்தைவேலுவிடம். மலைப்பாதையில் நான் முப்பதைத் தாண்டியதே கிடையாது. ஸ்பீடோமீட்டர் முள் முப்பதில் நிற்கும். ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் முள்ளிலும் வைத்துத்தான் ஓட்டுவேன். போன தை மாதம் இந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போது பதினோராவது வளைவில் இறங்கிக்கொண்டு, பின்னால் வந்த பால் வண்டியில் ஏறி வந்தார். குமட்டுகிறது என்றார். காலையில் எதைத் தின்றாரோ, பழி என் வண்டி மேல்.

வேறு வண்டியில் அழைத்து வரலாமே என்று சுகந்தி கேட்டாள். சுகந்தி என் மனைவி. எல்லாம் தெரிந்தும் கேட்பாள். தாண்டிக்குடி ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் இரண்டரைக் கிலோமீட்டர் பாறைத்தடம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி தவிர எதுவும் ஏறாது. ஆகவே ஜீப்தான். நாற்பத்து நான்கு நாள் இருக்கிறது.

கோகிலா எங்கே பிள்ளை பெற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோகிலாவின் அறைக்கு வெள்ளை அடித்தேன். சுவரில் ஈரம் கசிந்திருந்தது, அதனால்தான். அப்படியே உத்தரத்தில் தொட்டில் கொக்கியையும் சோதித்தேன். அறுபத்தெட்டு கிலோ தாங்குகிறது. நானே தொங்கிப் பார்த்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

சந்தைக்குக் கிளம்பினோம். சுகந்தி வழக்கம்போல "நான் பஸ்ஸுல வந்துக்கறேன், நீங்க ஜீப்புல போங்க" என்றாள். பஸ்ஸில் பேச ஆள் கிடைக்குமாம். இருபது வருடமாக இந்தப் பேச்சுப் பைத்தியம் தெளியவில்லை.

வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஓரமாகப் பள்ளத்தில் இறங்கி நின்று வழி விட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய மனிதர்கள் என்றால் மரியாதை உண்டு. முள் முப்பதிலேயே நின்றது.

அக்டோபர் 4, வெள்ளி

சவரிமுத்துவின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். உள்ளே நுழைந்ததும் சவரி பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டான். வண்டி நின்ற பிறகுதான் இறங்கினான். ஐம்பது வயதாகிறது, இன்னும் விளையாட்டு.

அடியில் படுத்து எதையோ பிடித்து ஆட்டினான். இன்ஜினின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் மடங்கிக் கொடுப்பதற்காகக் கிராஸ் என்று ஒரு சிலுவைத் துண்டு இருக்கும்.

"ரெண்டு கிராஸும் போயிருச்சு சார். அதான் தடதடங்குது. எந்த ஸ்பீடுல ஆரம்பிக்குது?"

"முப்பதில்."

"முப்பதுல இவ்வளவு ஆட்டம் வராதே சார். நாப்பதுக்கு மேல போனாத்தான வரும்."

"நான் முப்பதைத் தாண்டுவதே இல்லை" என்றேன்.

சவரி என்னைப் பார்த்தான். பிறகு ஷாஃப்ட்டைப் பார்த்தான். திண்டுக்கல்லில் சாமான் வாங்கி அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றான்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நேற்றே சவரி ஷாஃப்ட்டைக் கழற்றிப் புதுக் கிராஸ் மாட்டி, இரண்டு துண்டாகச் சாக்கின் மேல் வைத்திருந்தான். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் நுழைகிற மாதிரி அமைப்பு. பூஜை முடிந்து நாளை வண்டியில் ஏற்றுவதாகத் திட்டம்.

சவரி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இருந்தாலும் பட்டறையில் ஆயுத பூஜைக்குக் குறை வைக்க மாட்டான். வண்டிக்காரர்கள் விட மாட்டார்கள். "நான் போய்ப் பொரிகடலை வாங்கிட்டு வந்துடறேன். நீங்க பெரியவங்க, பொட்டு வைக்கிற வேலையப் பாத்துக்கங்க சார்" என்று போனான்.

ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது எனக்கு. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். என் ஷாஃப்ட்டை இரண்டு தடவை துடைத்தேன். அதில் சிவப்பாக ஏதோ இரண்டு சொட்டுப் பெயின்ட் கூடச் சிந்தியிருந்தது. சுரண்டி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு துண்டின் முனையிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். சுகந்திகூட இவ்வளவு வட்டமாக வைக்க மாட்டாள்.

திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தோம். கோகிலா நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. பொதுவாக எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். அந்த எல்லாரில் அவளும் உண்டு.

அக்டோபர் 14, திங்கள்

சனிக்கிழமை ஷாஃப்ட் ஏறியது. இன்று ஓட்டினேன்.

முன்பு இருந்ததற்குப் பெயர் ஆட்டம் என்றால் இதற்குத் தமிழில் பெயர் இல்லை. இருபதிலேயே ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. டேஷ்போர்டு முருகன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முள் நடுங்கிய நடுக்கத்தில் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே எந்த எண்ணை நம்புவது என்றே தெரியவில்லை. நேற்று அரைத்த மாவுத் தூக்கு பின்சீட்டில் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாவு கூரையில் இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

சவரியோடு சண்டை.

"புது கிராஸ் சார். கிரீஸ் அடிச்சு, குறி பாத்துத்தான் மாட்டுனேன். ரோடு சரியில்லாம இருக்கும்."

"அது போன வாரம் இருந்த அதே ரோடு."

"அப்ப ஓட்டுறதுல ஏதாச்சும்..."

மேலே கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவன் மூஞ்சியிலேயே இனி முழிப்பதில்லை என்று முடிவு.

அக்டோபர் 17, வியாழன்

சம்பந்தியம்மா போன் செய்து ஆட்டம் நின்றதா என்று கேட்டார். நிற்கும் தறுவாயில் இருக்கிறது என்றேன். வத்தலக்குண்டிலேயே ஒரு லேடி டாக்டரைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். என்ன அவசரம் பாருங்கள். என் மகளை என் வீட்டுக்கு வரவிடக் கூடாது என்று அந்த அம்மா கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிறார்.

போனைக் கோகிலாவிடம் கொடுத்தார். "வண்டி சரியாகலன்னா கஷ்டப்படாதீங்கப்பா. நான் இங்கயே இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, சத்தியமா" என்றாள். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள், அதுவும் மூன்று தடவை. குழந்தை எப்படி ஏங்குகிறது என்பது பெற்றவனுக்குத் தெரியாதா? சாப்பாடு இறங்கவில்லை. ரசம் புளிப்பு என்று சுகந்தியிடம் சொன்னேன்.

அக்டோபர் 18, வெள்ளி

சவரி மூஞ்சியில் முழித்தேன். வேறு வழியில்லை.

அவன் முறைத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போனான். ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தான். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"சார், இங்க ஏன் சந்தன வாசன வருது?"

வெளியே வந்து உட்கார்ந்தான். கழற்றுவதற்கு முன்னால் இரண்டு துண்டிலும் நேருக்கு நேராகச் சிவப்புப் பெயின்ட்டில் பொட்டு வைத்திருந்தானாம். மறுபடி நுழைக்கும்போது பொட்டும் பொட்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். அப்போதுதான் இரண்டு முனையும் ஒரே பக்கம் பார்க்கும். மாறிப்போனால் ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். நான் அவன் பொட்டை அழித்துவிட்டு என் பொட்டை வைத்துவிட்டேன். சந்தனம் உதிர்ந்துபோய்க் குங்குமம் மட்டும் எண்ணெயில் ஊறி ஒட்டியிருக்கிறது. அதையே தன் பெயின்ட் பொட்டு என்று நினைத்து அவன் சேர்த்து மாட்டியிருக்கிறான்.

"வண்டிக்கடியில கெடக்குற ஷாஃப்ட்டுக்கு எதுக்கு சார் பொட்டு?"

"எல்லா உறுப்புக்கும் வைப்பதுதான் முறை. நீதானே வைக்கச் சொன்னாய்?"

"ஸ்பானருக்குச் சொன்னேன் சார்."

இதில் என் தவறு என்று எதுவும் இல்லை. சாமிக்கு வைத்த பொட்டுக்கும் சாமானுக்கு வைத்த பொட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டியது அவன். இருந்தாலும் டீ வாங்கிக் கொடுத்தேன், வடையும்.

அக்டோபர் 21, திங்கள்

இரண்டு முனையும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி சவரி ஷாஃப்ட்டை மாற்றி மாட்டினான். ஆட்டம் நின்றுவிட்டது. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போகிறது. முருகன் அசையவில்லை.

சோதனைக்காகச் சவரி தன் பைக்கில் என் பின்னாலேயே வந்தான். மூன்றாவது வளைவில் காணாமல் போனான். அரை மணி கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

"சார், எவ்வளவுல போனீங்க?"

"முப்பது."

"என் வண்டியில முப்பத்தஞ்சுல விரட்டியும் பிடிக்க முடியல."

பைக் மீட்டர் கெட்டுப்போயிருக்கும், பார்த்துக்கொள் என்று சொன்னேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மனதில் ஒரு சின்ன உறுத்தல். எதையும் அளந்து பார்த்துவிடுவது என் பழக்கம். முள்ளை முப்பதில் நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது என்றால் நூற்று இருபது விநாடி ஆக வேண்டும். எண்பத்தெட்டு ஆனது. நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் எண்பத்தெட்டு.

கணக்குப்படி அது நாற்பத்தொன்று. ஆக ஒன்று தெளிவாகிவிட்டது. ரோட்டுக் கல்லைத் தப்பாக நட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 24, வியாழன்

பழைய அளவு டேப்பைத் தேடி எடுத்தேன். முப்பது மீட்டர் டேப். ஒரு முனையைச் சுகந்தி பிடித்தாள், மறுமுனையை நான். கல்லிலிருந்து கல்லுக்கு முப்பத்து மூன்று தடவை வைத்து, மிச்சத்துக்குத் துண்டு அளக்க வேண்டும். பத்தொன்பதாவது தடவையில் சுகந்தி பஸ்ஸில் வந்த ஒரு சிநேகிதியோடு பேசப் போய் முனையை விட்டுவிட்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"ஏங்க, கல்லு தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க? பிடுங்கி நடுவீங்களா?" என்றாள்.

இருட்டுவதற்குள் முடியவில்லை. நாளை மறுபடி.

அக்டோபர் 25, வெள்ளி

அளந்துகொண்டிருக்கும்போது டீக்கடை பாண்டி ஓடி வந்தான். ரோடு அகலப்படுத்தப் போகிறார்களா என்று கேட்டான். இல்லை, இது என் சொந்த விஷயம் என்றேன். நம்பவில்லை. சர்வேயர் டேப்போடு வந்தால் சும்மா வருவாரா என்று சொல்லிவிட்டு, மத்தியானத்துக்குள் கடைக் கூரையை அவனே மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டிவிட்டான். அதைப் பார்த்துப் பக்கத்து சைக்கிள் கடைக்காரரும் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டார். ரோடு நிஜமாகவே அகலமாகிவிட்டது.

அளவு: ஆயிரம் மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.

அக்டோபர் 26, சனி

கல்லைச் சரியாகத்தான் நட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இருபது வருடமாக நான் முப்பது என்று நினைத்ததெல்லாம் நாற்பத்தொன்று. இறக்கத்தில் நாற்பது என்று நினைத்தது ஐம்பத்தைந்து. அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். சுகந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அதான் எனக்குத் தெரியுமே."

"தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. நீங்க முள்ளக் காட்டுனீங்க."

அப்புறம்தான் பள்ளத்தில் இறங்கி நின்ற ஜனங்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டியதில்லை. நேரம் கிடைத்திருக்காது.

அக்டோபர் 29, செவ்வாய்

சவரி மீட்டரைப் பிரித்தான். முள்ளைச் சுற்றுகிற கேபிளின் அடிமுனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதை எண்ணிப் பார்த்தான்.

"பதினெட்டுப் பல்லு சார். இது வேற ஏதோ வண்டிக்கானது. யாரு போட்டது?"

ஜீப் வாங்கிய புதிதில் மதுரையில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்துப் போட்டது நான்தான். அதைச் சொல்லவில்லை.

"இவ்வளவு பெரிய டயரு யாரு போட்டது? டயரு பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி அதிகம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது, கம்மியாக் காட்டும்."

அதுவும் நான்தான். பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும் என்று.

"எந்த மடப்பய வேலையோ" என்று சொல்லிக்கொண்டே பதின்மூன்று பல் சக்கரத்தைப் போட்டான். ஆமாம் என்றேன்.

கல்லுக்குக் கல் நூற்றிருபது விநாடி. இப்போது முப்பது என்றால் முப்பது. என்னைச் சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போனார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

கோகிலா இல்லாத மூன்றாவது தீபாவளி. மழை. அதிரசம் கல்லு மாதிரி இருந்தது, நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

வத்தலக்குண்டிலிருந்து சோதனை ஓட்டம். சம்பந்தியம்மா மடியில் ஒரு சொம்பு மோரை வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். ஒரு சொட்டு சிந்தினாலும் பிரசவம் வத்தலக்குண்டில்தான் என்று சொல்லிவிட்டார்.

முப்பதில் ஏறினோம். ஒன்றாவது வளைவு, இரண்டாவது வளைவு. பின்னால் இரண்டு பஸ், நான்கு லாரி, ஒரு கல்யாண வேன் என்று வரிசை சேர்ந்துவிட்டது. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஏழாவது வளைவில் சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, கொஞ்சம் மிதிச்சாத்தான் என்ன?"

"முப்பதுதான் சம்பந்தியம்மா."

"மோரு புளிச்சுரும் போலிருக்கு."

ஒரு சொட்டு சிந்தவில்லை. பதினோராவது வளைவில் நிறுத்தி, அந்த மோரை அவரே குடித்தார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, "கோகிலாவே சொல்லட்டும்" என்று நிறுத்திக்கொண்டார். என்னிடம் தோற்றுவிட்ட வருத்தம். அந்த அம்மாவுக்குப் பெருந்தன்மை கொஞ்சம் குறைவுதான்.

நவம்பர் 11, திங்கள்

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனத்தோடு கோகிலா முன்சீட்டில் ஏறினாள். சுகந்தி பின்சீட்டில். கூப்பிடாமலேயே ஏறிக்கொண்டாள். மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். முள் முப்பதில்.

கோகிலா ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு வளைவு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு கம்பியை விட்டாள். ஒன்பதாவது வளைவில் "அப்பா" என்றாள்.

"என்னம்மா, குமட்டுதா?"

"இல்லப்பா. இங்க எப்ப அருவி வந்துச்சு?"

மழைக்காலத்தில் அந்தப் பாறையிலிருந்து தென்னை உயரத்துக்கு விழுகிற அருவி. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறது. ஆறு வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை இவளை நான்தான் இந்தப் பாதையில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு, காலேஜ் ஹாஸ்டலுக்கு, எல்லா லீவுக்கும். பஸ்ஸில் ஒரு நாள் ஏற விட்டதில்லை.

"நீ பார்த்ததே இல்லையா?"

அவள் வளையலை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ஜீப்புல ஏறுனதும் கண்ண மூடிக்குவேன்பா. வீட்டு வாசல்ல வண்டி நின்னாத்தான் திறப்பேன். நான் தூங்குறேன்னு நினைச்சு நீங்க பாட்டக் குறைச்சு வைப்பீங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அத்தைகிட்ட நான்தான்பா சொல்லச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசே வரல. வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு வரவும் பயமா இருந்துச்சு. அத்த, 'நீ சொல்லாத, அப்பா மனசு உடைஞ்சு போவாரு. நான் சொன்னதா இருக்கட்டும், என்னத் திட்டிட்டுப் போறாரு'ன்னாங்க."

நாற்பத்து நான்கு நாளாக இந்த நோட்டில் அந்த அம்மாவை நான் எழுதியிருப்பதை நினைத்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சாரலில் முகம் நனைந்தது என்று எழுதலாம்தான். அழுதேன்.

சுகந்தி பின்னாலிருந்து முதுகைத் தட்டினாள். கோகிலா என் கையைப் பிடித்து இறக்கினாள். மூன்று பேரும் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

அங்கிருந்து கிளம்பினோம். அடுத்த வளைவில் "அது என்ன மரம்பா?" என்றாள். நிறுத்தினேன். அதற்கடுத்து ஒரு கோவில், ஒரு பாலம், கீழே தெரிகிற ஒரு குளம். கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினேன். பதினேழு இடம். வீடு வந்து சேர நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. மொத்தப் பாதையிலும் அவள் கண்ணை மூடவில்லை.